கைப்பையில் போக வேண்டிய பொருள்

பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று மருமகன் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தபோது நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தங்கலில், பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் அது. பெட்டியின் முன்பக்கப் படத்தை எல்லாரும் பார்ப்பார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கையில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

"அத்தை, பயப்படாதீங்க. படுத்தே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. முன்னாடியே பிள்ளையை எடுக்க வேண்டி வந்தாலும் வரலாமாம். நீங்க கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா?"

பயப்படாதீங்க என்று சொன்ன அந்தக் குரல்தான் பயந்திருந்தது.

அடுத்த மாதத்துக்குப் போட்டிருந்த டிக்கெட்டை அடுத்த வாரத்துக்கு மாற்றினோம். என் கணவர் பட்டாசு கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். சீசன் நேரம், அவர் இல்லாமல் அங்கே வேலை நடக்காது. அவருக்குப் பாஸ்போர்ட்டும் கிடையாது. அதனால் நான் மட்டும் போவதென்று ஆயிற்று. மதுரையில் ஏறி, சென்னையில் இறங்கிப் பல மணி நேரம் காத்திருந்து, அங்கிருந்து சிங்கப்பூர். அதற்கு முன் நான் விமானத்துக்குள் கால் வைத்ததில்லை.

என் போன் பழசு. காலையில் முழுக்க சார்ஜ் ஏற்றினாலும் மதியத்துக்குமேல் தாங்காது. புதுசு வாங்கிக்கொள்ளலாம்தான், ஆனால் அந்த ஒரு வாரத்தில் புதுப் போனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மகள் படுக்கையில் இருந்தபடியே மெல்லிய குரலில் சொன்னாள்.

"ஒரு பவர் பேங்க் வாங்கிக்கோம்மா. ஆனா பாத்து வாங்கு. அதுல பிடிக்கிற கரண்டு நூறு வாட் அவருக்குள்ள இருக்கணும். அது எம்புட்டுன்னு அந்தப் பொருள் மேலயே அச்சடிச்சிருக்கணும். பெரிய பெட்டிக்குள்ள போட்டுராத, கைப்பையிலதான் கொண்டுபோகணும். பிளைட்டுக்குள்ள அதை வச்சு சார்ஜ் போடவும் விடமாட்டாக."

"பிளைட்டுல போட விடலைன்னா அப்புறம் எதுக்குடி அது?"

"சென்னையில அம்புட்டு நேரம் உக்காந்திருக்கணும்லம்மா. அங்கன இருக்கிற பிளக்குல எல்லாம் யாராச்சும் மாட்டிக்கிட்டு இருப்பாக. அப்ப உன் போன் செத்துப்போச்சுன்னா நான் யார்கூடப் பேசுறது?"

நூறு வாட் அவர், கைப்பை என்று காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து வந்த என் கணவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். சிவகாசியில் ரோட்டோரக் கடை ஒன்றில் வாங்கியிருக்கிறார். "இருக்கதுலயே பெருசு. ஐம்பதாயிரம் மில்லி ஆம்பியராம். இனி உனக்குக் கவலையில்ல." முகத்தில் அவ்வளவு நிறைவு. அவர் கடைக்குப் போய் எனக்கென்று தானாக ஒன்று வாங்கி வருவது அபூர்வம்.

கையில் வாங்கியதும் எனக்கு என்னவோபோல் இருந்தது. பெரிதாக இருந்த அளவுக்குக் கனமில்லை. திருப்பிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'கொள்ளளவு' என்ற சொல்லில் ஓர் எழுத்தே விட்டுப்போயிருந்தது. ஒரு நிறம் இன்னொன்றின் மேல் சரியாக உட்காராமல் விலகியிருந்தது. வாட் அவர் என்று எங்கேயும் இல்லை. எங்கள் அச்சகத்தில் இப்படி ஒரு லேபிள் வெளியே போயிருந்தால் என் வேலை போயிருக்கும்.

"இது சரியில்லைங்க" என்றேன்.

"லேபிள் தப்பா இருந்தா பொருளும் தப்பாவா இருக்கும்?" என்றவரின் முகம் சுண்டிவிட்டது. "சரி, ஞாயித்துக்கெழம சோதிச்சுப் பாத்துருவோம்."

சோதனை என்றால் அவருக்கு ஒரே முறைதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கொல்லையில் துணி துவைக்கும் கல்லின் மேல் அதை வைத்தார். வீடு கட்டியபோது மிஞ்சிய மணலை இரண்டு வாளியில் அள்ளிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் மணல் வாளி நிற்கும். அந்தப் பழக்கம். அடுப்படி சன்னல் வழியாக வயர் இழுத்து சார்ஜ் போட்டோம். நான் சன்னலுக்கு உள்ளே சுவிட்சுப் பக்கம், அவர் வெளியே கொஞ்சம் தள்ளி ஸ்டூல் போட்டு.

முதலில் ஒன்றுமில்லை. நீல விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அவர் அவ்வப்போது எழுந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒருமுறை வைத்த கையைச் சட்டென்று எடுத்தார்.

"சுடுதாங்க?"

அவர் குனிந்து மோந்து பார்த்தார். காற்று என் பக்கம் திரும்பியபோது எனக்கும் அடித்தது. நகப்பூச்சு மாதிரி இனிப்பான ஒரு வாடை.

"சுவிட்ச அமத்து" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

அணைத்தேன். அவர் விளக்குமாற்றுக் குச்சியால் வயரைத் தட்டிவிட்டார். மின்சாரம் நின்றது, அது நிற்கவில்லை. மூடியும் அடியும் சேரும் விளிம்பு மெதுவாக விரிந்தது. உள்ளிருந்து எதுவோ மூச்சு விட்டுப் பெருப்பதுபோல் நடுப்பகுதி புடைத்தது. "உள்ள போ, சன்னலச் சாத்து" என்றார். நான் போகவில்லை. சீறும் சத்தம் கேட்டது, வெள்ளையாகப் புகை வந்தது, அடுத்து பக்கவாட்டில் ஒரு முழம் நீளத்துக்குத் தீ பாய்ந்தது.

அவர் ஒரு வாளி மணலை அப்படியே அதன்மேல் கவிழ்த்தார். தீ மறைந்தது. பிறகு மணலைத் துளைத்துக்கொண்டு ஒரு இடத்தில் புகை வந்தது. இரண்டாவது வாளியையும் கொட்டினார். வேறொரு இடத்தில் புகை வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த மணல் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்து வீட்டில் யாரோ, "என்னது கருகுது?" என்று கேட்டார்கள்.

புகையைக் காட்டி அவர் சொன்னார்: "மேல மண்ணு. உள்ள காத்துப் போக வழியில்ல. இருந்தும் எரியுது பாரு. நம்ம மருந்து மாதிரிதான். எரியிறதுக்கு வேண்டியதத் தனக்குள்ளயே வச்சிருக்கு."

பட்டாசுக்குள் போகும் வெடிப்பொடியைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்போம். அவர் வாழ்நாளெல்லாம் அதோடு புழங்கியவர். ஸ்டூலில் உட்கார்ந்து காலி வாளியைக் காலால் நகர்த்தினார்.

"இத உன் மடியில வச்சு அனுப்பப் பாத்தேன்."

"அதான் அனுப்பலையே. உள்ள வாங்க."

"இனி இந்த மாதிரி எதுவும் வேணாம். போன அமத்தி வச்சுட்டுப் போ. அங்கன இறங்குனதும் போட்டுக்கோ."

"இடையில பிள்ளைக்கு ஏதாச்சும்னா?"

எழுந்து குச்சியால் மணலைக் கிளறப் போனவர், கிளறாமல் திரும்பி வந்தார். அன்று முழுக்க அந்த மேட்டுப் பக்கம் என்னையும் போக விடவில்லை. மறுநாள் காலையில் டீ குடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "விருதுநகர்ல நல்ல கடையாப் பாத்துப் போவோம். நீயே பாத்து எடு" என்றார்.

அன்று இரண்டு பேருமே அரைநாள் லீவு சொல்லிவிட்டு பைக்கில் போனோம். மிளகாய்க் குடோன்களைத் தாண்டும்போது கண்ணும் மூக்கும் எரிய முந்தானையால் மூடிக்கொண்டேன். கடைக்காரர் நடுத்தர வயது. ஐந்தாறு பெட்டிகளை எடுத்துப் பரப்பினார். நான் கைப்பையிலிருந்து புரூஃப் பார்க்கும் லென்ஸை எடுத்தேன்.

"என்னக்கா, நகைக்கடைக்கு வந்த மாதிரி லென்ஸு வச்சுப் பாக்குறீக?"

என் கணவர் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னார். கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பரப்பியதில் இரண்டைத் தானே எடுத்து உள்ளே வைத்தார். பிறகு கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார்.

"மில்லி ஆம்பியர் எம்புட்டோ அத மூணு புள்ளி ஏழால பெருக்கி, ஆயிரத்தால வகுத்துக்கோங்க. அதான் வாட் அவர். இருபதாயிரத்துக்கு எழுபத்துநாலு வரும். பிளைட்டுல ஏத்துக்கிடுவாக. அண்ணாச்சி வாங்குனது நெசமாவே ஐம்பதாயிரமா இருந்திருந்தா அக்காவ வாசல்லயே நிறுத்திருப்பாக."

ஒன்றில் வாட் அவர் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. பொருளின் மேல் இல்லை. பெட்டியா என்னோடு வரப்போகிறது? ஒதுக்கினேன். இன்னொன்றில் எல்லாம் சரியாக அச்சாகியிருந்தது. கட்டைவிரலை ஈரமாக்கித் தேய்த்தேன். விரலில் சாம்பல் நிறத்தில் மை ஒட்டியது. வேர்த்த கையில் இரண்டு நாள் இருந்தால் எழுத்தே போய்விடும். அதையும் ஒதுக்கினேன். மூன்றாவதில் எழுத்துகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருந்தன. தர முத்திரையும் அதற்குரிய எண்ணும் தெளிவாக இருந்தன. பத்தாயிரம். முப்பத்தேழு வாட் அவர். பெருக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது.

"இருபதாயிரமே எடுத்துக்கோங்களேன், கூடக் கொஞ்சம் தாங்கும்" என்றார் கடைக்காரர்.

"சின்னதே போதும்" என்று நானும் என் கணவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் சோதனை நடந்தது. கம்பெனியிலிருந்து வந்து பைக்கை நிறுத்தியதும், குளிக்காமல், சட்டையைக்கூட மாற்றாமல், நேரே துவைக்கும் கல்லுக்குப் போய்விடுவார். செத்துக் கிடக்கும் என் போனை அதில் மாட்டுவோம். போன் நிரம்பியது. மறுபடி காலியாக்கி மாட்டினால் பாதிக்குமேல் ஏறியது. தொட்டால் லேசாக வெதுவெதுப்பு, அவ்வளவுதான். புடைப்பு இல்லை, வாடை இல்லை. "சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டால், "இன்னொரு தடவ பாப்போம்" என்பார். உள்ளங்கையில் வைத்து, மூக்கருகே கொண்டுபோய், காதருகே கொண்டுபோய், துண்டில் துடைத்து, மறுபடி கல்லில் வைப்பார்.

சிங்கப்பூரிலிருந்து வரும் செய்தி ஒரு நாள் ஆறுதலாக இருக்கும், மறுநாள் கலக்கும். கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று மருமகன் சொன்னார். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் கணவர் பவர் பேங்க்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அதை என் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

அச்சகத்தில் கட்டிங் மெஷினில் வேலை பார்க்கும் அக்கா எனக்கு ஏற்கெனவே ஒரு புத்தி சொல்லியிருந்தாள். "ஏர்போர்ட்ல எந்த ஊருன்னு கேட்டா மதுரைன்னு சொல்லுங்க. பட்டாசுன்னு மட்டும் வாயத் தொறந்துராதீக."

மதுரை விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. "வண்டி மேல ஏறுற வரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் வாசலில் நின்றுகொண்டார். பெரிய பெட்டியைப் போட்டுவிட்டு, கைப்பையோடு பாதுகாப்புச் சோதனைக்கு வந்தேன். மகள் சொன்னபடி போனையும் பவர் பேங்க்கையும் தனியாகத் தட்டில் எடுத்து வைத்தேன். ஒரு காவலர் சின்னத் துணிப் பட்டையால் பவர் பேங்க்கைத் துடைத்து, அந்தப் பட்டையை வெடிமருந்துத் துகள் பார்க்கும் ஒரு மெஷினில் செருகினார்.

மெஷின் கத்தியது. திரையில் சிவப்பு.

அவர் என்னைப் பார்த்தார். புதிய பட்டை எடுத்து மறுபடி துடைத்தார். மறுபடி சிவப்பு. பக்கத்தில் இருந்தவரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற வரிசையை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். என் கைப்பையின் பிடியைத் துடைத்தார்கள், அதுவும் சிவப்பு. என் உள்ளங்கைகளைக் காட்டச் சொன்னார்கள். வாசலில் பிரியும்போது என் கணவர் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

தமிழ் பேசும் பெண் அதிகாரி ஒருவர் வந்தார். "எந்த ஊரும்மா?"

அக்கா சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனிவரை வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லி, அதைக் காப்பாற்ற இன்னொன்று சொல்லி, கடைசியில் விமானத்தை விட்டுவிட்டால் என் பிள்ளையிடம் எப்படிப் போய்ச் சேர்வேன்?

"திருத்தங்கல். வீட்டுக்காரர் பட்டாசு கம்பெனியில ஃபோர்மேன். இந்த பவர் பேங்க்க நாலஞ்சு நாளா அவர்தான் சோதிச்சுப் பாத்தாரு. வேலை முடிஞ்சு வந்து, குளிக்காம, அப்படியே எடுத்துப் பாப்பாரு."

"சோதிச்சாரா? எதுக்கு?"

முதலில் வாங்கியது எரிந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே, இந்த இடத்தில் எரிந்தது, வெடித்தது என்றெல்லாம் பேசுகிறோமே என்று உடம்பு கூசியது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "என்னாச்சு?" என்றார். அதிகாரியே பேசினார். எங்கே வேலை, என்ன வேலை, இந்தப் பொருளை யார் எல்லாம் தொட்டார்கள் என்று கேட்டார். என் கணவர் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். கடைசியில் மட்டும், "அம்மா, எம் மக ஆஸ்பத்திரியில இருக்கா. தப்பு என்மேலதான். கை கழுவாம தொட்டுட்டேன். அவள அனுப்பிருங்க" என்றார்.

பையில் இருந்த எல்லாவற்றையும் மேசையில் எடுத்துப் பரப்பினார்கள். பிள்ளைக்கென்று வைத்திருந்த பழைய வேட்டித் துணிகளை ஒவ்வொன்றாக உதறினார்கள். பையைத் தனியாகவும் பொருள்களைத் தனியாகவும் மறுபடி எக்ஸ்ரேயில் விட்டார்கள். என் விமானத்துக்கு அழைப்பு கேட்டது. மேலதிகாரி ஒருவர் வந்து பவர் பேங்க்கை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பின்னால் இருந்த எழுத்தைப் படித்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பொத்தானை அமுக்கி விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். இரண்டாவது அழைப்பு கேட்டது.

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பெண் அதிகாரி என்னோடு சேர்ந்து துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தார். "உங்க பக்கத்து ஆளுங்க வந்தா சில நேரம் மெஷின் கத்தும்மா. அது அதோட வேலை. மறைச்சீங்கன்னாதான் எங்களுக்குச் சந்தேகம் வரும். சென்னையில இறங்கினதும் கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்க. இதையும் ஈரத்துணியால துடைச்சிருங்க."

கடைசி ஆளாக ஓடிப் போய் ஏறினேன்.

சென்னையில் இறங்கியதும் முதல் வேலையாகக் கையைக் கழுவினேன். முழங்கைவரை, மறுபடி மறுபடி. பவர் பேங்க்கை ஈரக் காகிதத்தால் துடைத்து, உலர்த்தி, பையின் பிடியையும் துடைத்தேன். அங்கே சோதனையில் அந்தப் பட்டையோடு ஒருவர் நெருங்கியபோது மெஷினையே பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. "போங்க" என்றார்.

மகள் சொன்னது சரிதான். சுவரில் இருந்த பிளக் எல்லாவற்றிலும் யார் போனாவது தொங்கிக்கொண்டிருந்தது. மதுரையில் நடந்த களேபரத்தில் என் போன் பாதிக்குக் கீழே போயிருந்தது. மருமகனிடமிருந்து வந்த ஒவ்வொரு அழைப்பும் மிச்சத்தைத் தின்றது. சிவப்புக் கோடு வந்ததும் பவர் பேங்க்கை எடுத்து மாட்டி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கையில் போன், இன்னொரு கையின் புறங்கை அதன்மேல். சூடு ஏறுகிறதா என்று என்னையறியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மகளே ஒருமுறை பேசினாள். "அம்மா, தலை ரொம்ப வலிக்குது. ஏதாச்சும் பேசு." என்ன பேசுவது என்று தெரியாமல் எதிரே போகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். ஒரு குழந்தை பெட்டியின் மேல் உட்கார்ந்து சவாரி போவதை, மாலையும் கழுத்துமாகத் தூங்கி வழியும் ஒரு மாப்பிள்ளையை. அவள் உம் கொட்டினாள். அந்த உம் மெலிந்துகொண்டே போனது. பிறகு மருமகன் குரல்.

"அத்தை, உடனே எடுத்துறணும்னு சொல்லிட்டாங்க. உள்ள கூட்டிட்டுப் போறாங்க."

"கூட்டிட்டுப் போகட்டும் மருமகனே. நீங்க வாசல்லயே நில்லுங்க" என்றேன். சொல்லும்போது நான் விமான வாசல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே போனதும், பவர் பேங்க்கில் சார்ஜ் போடக்கூடாது, தலைக்கு மேல் தட்டில் வைக்கக்கூடாது, கண்பார்வையில் வைத்திருங்கள் என்று அறிவித்தார்கள். போனை அணைத்தேன். பவர் பேங்க்கை முன்சீட்டுப் பையில் வைத்தேன். பிறகு மனசு கேட்காமல் எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன். கடல் தெரிந்தது, மேகம் தெரிந்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் சன்னலைக் காட்டி ஏதோ சொன்னார். சாப்பாடு வந்தது, திரும்பப் போனது. மகள் பிறந்த அன்று நான் எத்தனை தைரியமாக இருந்தேன் என்று யோசித்தேன். தன் வலி என்றால் தாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சக்கரம் தரையைத் தொட்டதும் போனைப் போட்டேன். அது உயிர் பெற்று சிக்னல் பிடிக்கிறவரை மூச்சை விடவில்லை. மருமகனிடமிருந்து ஒரே ஒரு குரல்செய்தி. காதில் வைத்தேன். அழுதுகொண்டே பேசியிருந்தார். எந்தச் செய்திக்கு அழுகிறார் என்று முதல் வார்த்தைகளில் தெரியவில்லை. "பொண்ணு, அத்தை. எடை கம்மி, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. ஆனா நல்லா அழுதா. அவளும் முழிச்சுட்டா. உங்களத்தான் கேட்டா."

இருக்கையில் உட்கார்ந்தபடியே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து, எனக்கு மறைப்பாக வழியை அடைத்து நின்றுகொண்டார்.

மனிதர்கள் இறங்கத் தொடங்கியபோது என் கணவருக்குப் போட்டேன். என்னை ஏற்றிவிட்டு அவர் நேரே வேலைக்குப் போயிருந்தார். கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோகக்கூடாது, கேட்டில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் வாட்ச்மேன் எடுத்தார்.

"மதினியா? ஃபோர்மேன் அண்ணாச்சி சொல்லி வச்சிருக்காரு. எந்நேரம் அடிச்சாலும் எடுத்து, கூப்பிடச் சொன்னாரு. இருங்க, லைன்லயே இருங்க."

அவர் செருப்பு தேயத் தேய ஓடும் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரையோ கூப்பிட்டார். லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. பிறகு மூச்சிரைக்க என் கணவர் குரல். "ம்."

"பேத்தி. ரெண்டு பேரும் நல்லா இருக்காக."

அந்தப் பக்கம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி. லோடு நிக்குது. ஏத்தி விட்டுட்டு வாரேன்" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடியே, கூட்டத்தோடு நடந்தேன்.